யார் மேல் யார்? குதிரை வைத்திருத்தலில் ஏற்றமும் இறக்கமும்: ஓர் ஆய்வேடு

முன்னுரை

குதிரையை அடக்கி ஆண்டவர்களின் வரலாறு போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. பலருக்குச் சிலையும் வைத்தாயிற்று. அந்தக் குதிரைக்கு விடியற்காலையில் தண்ணீர் காட்டியவர், லத்தி அள்ளியவர், கொள்ளுக்குக் கடன் சொன்னவர் ஆகியோரின் வரலாறோ இன்னும் ஏட்டில் ஏறவில்லை. அக்குறை நீக்க எழுந்ததே இச்சிற்றேடு.

இதன் கருதுகோள், ஆய்வாளர் தாமே இயற்றிய நூற்பாவாகக் கீழே தரப்படுகிறது:

ஒருபொழுது ஏறுவோன் உடையவன், ஏனைப்
பொழுதெலாம் ஏறுவது புரவி என்ப.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், குதிரை உடையவர் நாளொன்றுக்கு மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் குதிரையின் மேல் இருக்கிறார், எஞ்சிய 23 மணி நேரமும் குதிரை அவர் மேல் இருக்கிறது என்பது உணர்த்துதல் நுதலிற்று. ‘என்ப’ என்றமையால் இது முன்னோர் முடிபு என்று கொள்க. எந்த முன்னோர் என்று கேட்பது மரபன்று.

ஆய்வு எல்லை

மூவகைக் குதிரைகள் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா. முதலாவது பந்தயக் குதிரை. அதில் ஏறுபவர் ஜாக்கி, இறங்குபவர் கேலரியில் சீட்டோடு நிற்பவர். ஏற்றமும் இறக்கமும் வெவ்வேறு ஆட்களுக்கு நேர்வதால் முறையான ஒப்பீட்டுக்கு வழியில்லை. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதாட்டமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் கிண்டியிலிருந்து பேருந்துக்குச் சில்லறை இல்லாமல் நடந்தே வீடு திரும்பியவர்களின் திறமை தனி ஆய்வுக்குரியது. இரண்டாவது சதுரங்கக் குதிரை. சொன்ன இடத்துக்குப் போய்ச் சொன்ன இடத்தில் நிற்கும் குதிரை உலகிலேயே அது ஒன்றுதான் என்பதால் மாதிரியாகக் கொள்ளத் தகுதியற்றது. மூன்றாவது, முயற்கொம்போடு சேர்த்து எண்ணப்படும் குதிரைக்கொம்பு. அது கிடைத்ததும் ஆய்வு தொடரும்.

இயல் 1: வாங்குதல்

தமிழ்நாட்டு மண்ணும் மழையும் நெல்லுக்கு உகந்தவை, குதிரைக்கு அல்ல. ஆகவே நம் குதிரைகள் தொன்றுதொட்டே கப்பலேறி வந்தன. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கிய சரக்குகளின் பட்டியலைத் தரும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளைத்தான் முதலில் சொல்லுகிறது. இறக்குமதி மோகம் அண்மைக் காலத்துச் சீரழிவு என்போர் இதை ஊன்றிப் படிக்கவும்.

சங்ககால வள்ளல்களிடம் உரிமையாளர் யார், உடைமை யார் என்ற வேறுபாடே மங்கிப்போயிருந்தது. காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. சிறுபாணாற்றுப்படையே இதற்குச் சான்று. ‘காரி வந்திருக்கிறார்’ என்று சேதி வந்தால் எழுந்து நிற்பதா, கொள்ளு எடுத்து வருவதா என்று வாயிற்காவலர் தடுமாறியிருக்கவே வேண்டும். பிற்காலத்தில் காரி ஓரியைக் கொன்றான் என்று இலக்கியம் கூறும்போது நான்கு விதமாகப் பொருள் கொள்ள இடமிருப்பதை உரையாசிரியர்கள் ஏனோ கண்டுகொள்ளவில்லை.

பாண்டியர் காலத்தில்தான் இத்துறை முறையான நட்டத்தொழிலாக வளர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதிநிலையைச் சொல்லும் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப், வளைகுடா நாடுகளிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் இங்கே வந்தன என்றும் குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை என்றும் எழுதிவைத்தார். ஆண்டுக்கு 22,00,000 தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் பணம் தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

உயிரோடு கரை சேர்ந்தவற்றின் கதை இன்னும் உருக்கமானது. பச்சைத் தானியம் தின்று பழகிய அரபுக் குதிரைகளுக்கு நம்மவர்கள் வறுத்த தானியத்தில் நெய் விட்டு ஊட்டினார்கள். குடிக்கக் காய்ச்சிய பால். தலைத்தீபாவளி மாப்பிள்ளையைக் கவனிப்பதுபோல் ஓடவிடாமல் கட்டிப்போட்டுத் தின்னக் கொடுத்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோவோ சோற்றோடு வெந்த இறைச்சியைக் கலந்து கொடுத்ததாக எழுதுகிறார். இரண்டு சாட்சிகளும் உணவுப் பட்டியலில் வேறுபட்டாலும் முடிவில் ஒன்றுபடுகிறார்கள்: குதிரைகள் செத்தன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கி, ஆண்டு முடிவில் விரல்விட்டு எண்ணுமளவே மிஞ்சினவாம். மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இந்நாட்டுக்குள் வந்துவிடாமல் குதிரை விற்ற வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். விற்பனைக்குப் பிந்திய சேவை என்ற துறை அன்றே இப்படித்தான் இருந்தது.

விசயநகரத்தில் இந்த நட்டத்தொழில் உச்சத்தைத் தொட்டது. 16ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த போர்த்துகீசியர் நூனிஸ் தரும் குறிப்பு ஆய்வாளர்களை மகிழ்விக்க வல்லது. சாளுவ நரசிம்மர் உயிருள்ளதோ உயிரற்றதோ மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் பொற்காசு என்று விலை பேசி எடுத்துக்கொண்டார். கப்பலில் செத்த குதிரைக்கு அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழுப்பணம் கிடைக்கும். வரலாற்றாசிரியர்கள் இதைப் படைவலிமைக்கு அவர் கொடுத்த முக்கியத்துவமாகக் கொள்வர். இவ்வாய்வாளர் கருத்து வேறு. குதிரை வளர்ப்பின் வரவுசெலவை அறிந்தவருக்கு வால் மட்டும் உள்ள குதிரையே சிறந்த குதிரை. தீனி கேட்காது, உதைக்காது, இருந்தும் ஈ விரட்டும்.

வாங்கப் போன பணம் வேறு வழியில் போனதற்கும் சான்று உண்டு. குதிரை வாங்க அரிமர்த்தன பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் கோயிலுக்கும் அடியார்க்கும் செலவிட்டார். ஆவணி மூலத்தன்று குதிரை வரும் என்று அரசனுக்குச் சொல்லப்பட்டது. சொன்னபடி வந்தது. இறைவனே குதிரை வணிகனாக வந்து நரிகளைப் பரிகளாக்கிக் கயிறு மாற்றிக் கொடுத்தார். அன்றிரவே அவை நரிகளாகி, லாயத்தில் இருந்த உண்மைக் குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை ஆண்டுதோறும் நடக்கிறது. பக்தர்கள் இதில் இறைவன் கருணையைக் காண்கிறார்கள். தணிக்கைத் துறையினர் வேறொன்றைக் காண்பார்கள். இவ்வாய்வுக்கு வேண்டியது அந்தக் கயிறு மட்டுமே. விற்பவர் தம் கயிற்றை அவிழ்த்துக்கொள்ள, வாங்குபவர் தம் கயிற்றைப் பூட்ட, அந்தக் கணத்திலிருந்து உள்ளே இருப்பது நரியா பரியா என்பது வாங்கியவர் பாடு. இறைவனே விற்றாலும் வாரண்டி கிடையாது என்பதை நம் புராணம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறது.

இயல் 2: தேர்தல்

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் தேர்த்திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை, குதிரைக்கும் மாட்டுக்கும் பெயர்போனது. அங்கே நிற்பவை பெரும்பாலும் மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை உடம்பும் ரோஜாநிறத் தோலும் கொண்ட நுக்ரா, பிறகு நம் நாட்டு மட்டக்குதிரைகள். மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும் காது உள்பக்கமாக வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடும். இரண்டு காதும் தமக்குள்ளேயே பேசிக்கொள்ளும் தோற்றம். நாம் சொல்வது ஏன் அவற்றில் ஏறுவதில்லை என்பதற்கு உடற்கூறு சார்ந்த விளக்கம் இதுவாகலாம்.

சந்தையில் குதிரை பார்ப்பது மூன்று கட்டமாக நடக்கும். முதலில் பல். முன்வெட்டுப் பற்கள் விழுந்து முளைத்த கணக்கை வைத்து ஐந்து வயதுவரை ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். அதற்குமேல் பல்லின் தேய்மானம்தான் சாட்சி. வயது ஏற ஏற, விற்பவர் சொல்லும் வயதுக்கும் பல் சொல்லும் வயதுக்கும் இடையே உள்ள தூரமும் ஏறும்.

அடுத்தது சுழி. நெற்றியில், கழுத்தில், விலாவில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைக் கொண்டு அந்தக் குதிரை குடும்பத்தைத் தூக்குமா கவிழ்க்குமா என்று சொல்ல ஒவ்வொரு சந்தையிலும் ஒரு பெரியவர் இருப்பார். ‘குதிரை நல்லதுதான், சுழிதான் கெட்டது’ என்ற பழமொழி அவர்கள் வீட்டில் பிறந்தது. இம்முறையின் அறிவியல் மதிப்பைப் பற்றி இவ்வேடு கருத்துச் சொல்லாது. பின்னால் நேரும் எந்தக் கேட்டுக்கும் மனிதரைப் பொறுப்பாக்காமல் மயிரைப் பொறுப்பாக்குகிற ஏற்பாடு என்ற வகையில் அதன் சமூகப் பயன் பெரிது.

மூன்றாவது நடை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓட, குதிரை தாளத்துக்கு ஆடுவதுபோல் கால் தூக்கி வைக்கும். சுற்றி நிற்கும் கூட்டம் கைதட்டும். வாங்க வந்தவர் குதிரையின் நடையைப் பார்க்கிறார். தரகர், வாங்க வந்தவரின் முகத்தைப் பார்க்கிறார். விலையைத் தீர்மானிப்பது இரண்டாவது பார்வையே.

இயல் 3: பேணுதல்

400 கிலோ எடையுள்ள நடுத்தரக் குதிரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீனி என்ற பொதுக்கணக்கின்படி நாளைக்கு 8 கிலோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 3 டன். தண்ணீர் நாளைக்கு 30 லிட்டர் வரை. வெளியேறும் லத்தி நாளைக்கு ஏறத்தாழ 15 கிலோ. ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல். 3 டன் போட்டால் 5 டன் கிடைக்கும் தொழில் இந்நாட்டில் வேறு இல்லை. கிடைப்பது என்ன என்பதில்தான் சிக்கல்.

‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும்’ என்று நம் பழமொழி குதிரையின் அரசியலை ஒரே வரியில் அடக்கிவிட்டது. அது சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. திறந்த வாய்வழியே உள்ளே போனது அதே வழியே திரும்பி வராது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாசலில் உள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. உடம்புக்குத் தக்க இரைப்பையும் இல்லை, மிகச் சிறியது. ஆகவே குதிரை நாளில் பெரும்பகுதி கொஞ்சங்கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்க வேண்டிய பிராணி. கட்டிப்போட்டு வேளைக்குக் குவித்தால் வயிற்றுவலி வரும். குதிரைக்கு வயிற்றுவலி என்பது சுக்குக் கஷாயத்தில் தீரும் சமாசாரம் இல்லை, உயிரையே கொண்டுபோகும். பாண்டியன் லாயத்தில் நெய் என்ன செய்திருக்கும் என்பதை இங்கிருந்து பின்னோக்கி அறிக.

அந்த இரவு எப்படி இருக்கும் என்று சற்று அருகில் நின்று பார்க்கலாம். இரவு பத்து மணி. குதிரை தீனியைத் தொடவில்லை. முன்காலால் தரையைப் பறிக்கிறது, கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் விலாவைப் பார்க்கிறது, படுத்துப் புரளப் போகிறது. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டு, குழாய் விட்டு, ‘புரள விடாதீங்க, மெதுவா நடத்திட்டே இருங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உடையவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து, தென்னந்தோப்பைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. ஒரு மணி, இரண்டு மணி. நாலே முக்காலுக்குக் குதிரை வாலைத் தூக்குகிறது. ‘போட்டுருச்சு!’ என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைக்கிறது. மனைவி டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்கிறார். மகன் பிளஸ் டூவில் தேறியபோதும் அந்த வீட்டில் இவ்வளவு மகிழ்ச்சி இருந்ததில்லை. லத்தியைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடும் நிலைக்கு ஒரு மனிதரைக் கொண்டுவரும் ஆற்றல் வேறு எந்த வளர்ப்புப் பிராணிக்கும் இல்லை.

அடுத்து குளம்பு. அது நம் நகம்போல வளர்ந்துகொண்டே இருக்கும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். லாடம் அடிப்பவர் குதிரையின் பின்பக்கம் பார்த்துக் குனிந்து, அதன் காலை மடக்கித் தம் இரண்டு தொடைக்கும் நடுவே இடுக்கிக்கொள்கிறார். பழைய ஆணிகளின் வளைந்த முனையை நிமிர்த்திக் குறடால் லாடத்தை நெம்புகிறார். கத்தியில் வெள்ளைவெள்ளையாகக் குளம்புச் சீவல் விழுகிறது, அதைக் கவ்விக்கொண்டு தெருநாய் ஓடுகிறது. அரத்தால் மட்டம் பார்த்து, புதிய லாடத்தை வைத்து, வாயில் கவ்விய ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கிறார். ஆணி உணர்ச்சியில்லாத வெளிச்சுவரில் ஏறி, பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். இம்மி உள்ளே தள்ளினால் குதிரை நொண்டும். இத்தனை நேரமும் குதிரை மூன்று காலில் நிற்கிறது என்று நினைப்பவர்கள் இயற்பியல் அறியாதவர்கள். நாலாவது காலாக அது லாடக்காரரின் முதுகைப் பயன்படுத்துகிறது. கருதுகோளுக்கு நேரடிச் சான்று இங்கேயே கிடைத்துவிடுகிறது.

குதிரை நின்றுகொண்டே தூங்க வல்லது. மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதன் கால்களில் இருக்கிறது. வைத்திருப்பவரோ படுத்துக்கொண்டும் தூங்க மாட்டாதவர். குதிரைக்கு ஆயுள் 25 முதல் 30 ஆண்டு. வீட்டுக்கடன் அதற்குமுன் அடைந்துவிடும்.

நேர்மையான ஆய்வு வரவுப் பக்கத்தையும் காட்ட வேண்டும். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் நஞ்சுமுறிவு மருந்து, குதிரையின் உடலில் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து எடுக்கப்படுவது. வயலில் கடிபட்டு ஊசியால் பிழைத்தவர்கள் எல்லோரும், வாழ்நாளில் ஒருமுறைகூடக் குதிரை ஏறாமல், குதிரையால் கரையேறியவர்கள். இவ்வேட்டில் கேலிக்கு இடமில்லாத பத்தி இது ஒன்றே.

இயல் 4: ஏறுதல்

குதிரையில் இடப்பக்கமிருந்துதான் ஏற வேண்டும். இடுப்பின் இடப்புறம் வாள் தொங்கிய காலத்தில், வலக்காலைச் சுழற்றிப் போட அதுவே வசதி. வாள் போய்விட்டது. வழக்கம் போகவில்லை. சட்டைப்பையில் கைப்பேசியோடு ஏறும் இன்றைய வீரரும், இல்லாத வாள் இடித்துவிடாமல் இருக்க இடப்பக்கமே ஏறுகிறார்.

ஏறுமுன் சேணத்தின் வயிற்றுவாரை இறுக்க வேண்டும். இறுக்கும்போது மார்பை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. வார் இறுகிவிட்டது என்று எண்ணி அங்கவடியில் கால் வைத்ததும், அது மூச்சை விடும். சேணம் சுழலும். சவாரி செய்ய வந்தவர் குதிரையின் முதுகுக்குப் பதிலாக வயிற்றைப் பார்க்கும் கோணத்துக்கு வந்துசேர்வார். எனவே நாலடி நடத்திவிட்டு இரண்டாம் முறை இறுக்குக என்பது அனுபவ விதி.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் அதனால் காண முடியும். காணாத இடங்கள் இரண்டே. நேர்பின்னால் ஒன்று, நெற்றிக்கு நேர்முன்னால் ஒன்று. பின்னால் போய் நிற்பவரை அது பார்க்காது, ஆனால் கண்டுபிடித்துவிடும். முறை உதையாகும். பரந்த பார்வை என்றதும் பரந்த மனம் என்று மயங்க வேண்டாம். லாரிக்கு ஒதுங்கி நிற்கும் குதிரை, வேலியில் சிக்கிப் படபடக்கும் பிளாஸ்டிக் பைக்கு மிரண்டு மூன்று அடி பக்கவாட்டில் தாவும். மேல் இருப்பவர் அந்த மூன்று அடியில் சேர்க்கப்படாமல் பழைய இடத்திலேயே, காற்றில், ஒரு கணம் இருப்பார். அதன் பிறகு நடப்பது இயல் 5-இல் வரும்.

மல்லன், மயில், குரங்கு, புலி, அம்பு என ஐந்தின் பெயரால் குதிரைக்கு ஐங்கதி வகுத்தனர் முன்னோர். இன்றைய பயிற்சிப் பள்ளிகள் நான்கு நடை சொல்லும். அவற்றுள் இரண்டாவதான துள்ளோட்டத்தில், மூலைக்கு மூலையாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழுவதால் சவாரி செய்பவர் மேலும் கீழும் எகிறுவார். குதிரை எழும்போது எழுந்து, தாழும்போது தாழப் பழகிக்கொண்டால் அது சங்கீதம். மாற்றி நடந்தால் மறுநாள் நாற்காலியைக் கண்டாலே நெஞ்சம் பதறும்.

ஐங்கதிக்கு அப்பால் ஆறாவதாக ஒன்றை இவ்வாய்வு முன்மொழிகிறது. அதன் பெயர் வீட்டுக்கதி. வெளியே போகும்போது ஒவ்வொரு புல்லுக்கும் நின்று விசாரித்துக்கொண்டே நடந்த குதிரை, முகம் லாயத்தின் பக்கம் திரும்பியதும் புலியையும் அம்பையும் ஒருங்கே வெல்லும். வாட் என்ற பொறியியலார் வகுத்த குதிரைத்திறன் 746 வாட். உயிருள்ள குதிரையோ உச்ச வேளையில் அதைப்போல ஏறத்தாழ 15 மடங்கு காட்டக்கூடியது. அந்த 15-உம் தொட்டித் தீனி நினைவுக்கு வந்ததும் ஒருசேர வெளிப்படுகின்றன.

இயல் 5: இறங்குதல்

இறக்கம் இருவகைத்து. உடையவர் தாமாக இறங்குவது, குதிரை இறக்கிவிடுவது. பின்னது மூவகைத்து: தலைக்கு மேலாக, பக்கவாட்டில், பின்வழியாக. குதிரை திடீரென நிற்பின் முதலாவது, திடீரெனத் திரும்பின் இரண்டாவது, திடீரெனப் புறப்படின் மூன்றாவது. ‘திடீரென’ என்பது மூன்றுக்கும் பொது.

‘குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்’ என்பது சான்றோர் வாக்கு. குதிரை குழி பறிப்பது வயிற்றுவலியால் என்பதை இயல் 3-இல் கண்டோம். ஆகவே பழமொழியில் வரும் குதிரை உள்நோக்கம் உடையதன்று, நோயாளி. பழியைத் துடைக்க இத்தனை காலம் ஆயிற்று.

போர்க்களத்து நடுவே, ஏறியவனைக் கைவிட்டுப் போகும் பழகாத குதிரையை உவமையாக்கி, அப்படிப்பட்டவர் நட்பைவிடத் தனிமையே மேல் என்கிறார் வள்ளுவர். குறளின் 82ஆம் அதிகாரத்தில் தீ நட்பைப் பற்றிச் சொல்லவந்தவர் தேடிப்பிடித்த உவமை இது. இவ்வளவு துல்லியமாக எழுத வேண்டுமென்றால் எங்கோ ஓரிடத்தில் ஒருமுறையாவது விழுந்திருக்க வேண்டும் என்று ஊகிக்க இடமுண்டு.

விழாமல் இறங்க விரும்புவோருக்கென்றே மெரினாக் கடற்கரை இருக்கிறது. மாலை வேளை. குதிரையின் நெற்றியில் ஜிகினா, கழுத்தில் மணி. மகனைத் தூக்கி உட்காரவைத்த அப்பா கவலையோடு சொல்கிறார்:

“அண்ணே, ரொம்ப தூரம் கூட்டிட்டுப் போயிடாதீங்க.”

“அது போவாது சார். அதுக்கே தெரியும்.”

போகிறது. ஈரமணலில் யாரும் கோடு போட்டுவைக்காத ஓரிடத்தில் தானாக நிற்கிறது. தானாகத் திரும்புகிறது. பையன் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கெஞ்சுவது அதன் காதில் விழவில்லை. கொடுத்த பணத்துக்கு உரிய தூரம் எது என்பதைக் குதிரைக்காரரைவிட அது நன்றாக அறிந்திருக்கிறது. இந்நகரில் மீட்டருக்குமேல் கேட்காத வாகனம் இது ஒன்றே.

இயல் 6: மாற்று வழிகள்

உயிருள்ள குதிரையின் வரவுசெலவை ஈராயிரம் ஆண்டு அனுபவித்த சமூகம் சும்மா இருக்குமா? பிற பொருள்களால் குதிரை செய்யும் கலை தமிழ்நாட்டில் ஓங்கி வளர்ந்ததற்கு இதுவே காரணம் என்பது இவ்வாய்வின் துணிபு.

பனைமடலால் குதிரை செய்து, எருக்கமாலை சூடிக் காதலன் ஊர் நடுவே ஏறிவருவது சங்க மரபு. அந்தக் குதிரைக்குத் தீனி இல்லை, இழுப்பதற்குச் சிறுவர்கள்தான் வேண்டும். சீரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் கற்குதிரைகள் மீதிருக்கும் வீரர்கள் நாயக்கர் காலம்தொட்டு இன்றுவரை விழவில்லை. சென்னைத் தீவுத்திடல் அருகே 1839-இல் நிறுவப்பட்ட சர் தாமஸ் மன்றோவின் வெண்கலச் சிலை, சிற்பி சான்ட்ரி வார்த்தது. அதில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று நகரம் இன்றும் வாதாடுகிறது. வயிற்றுவாரை இரண்டாம் முறை இறுக்கும் தொல்லையே இல்லாமல் மன்றோ அமர்ந்திருக்கிறார் என்ற கோணத்தில் இதுவரை எவரும் நோக்கவில்லை.

இனி வருவதுதான் முதன்மைச் சான்று. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் புரவியெடுப்பில், வேளார் செய்த மண்குதிரைகளை ஊரார் தோளில் சுமந்து அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்குவது தங்கக் குதிரையில். அந்தத் தங்கக் குதிரை இறங்குவது சீர்பாதம் தாங்கிகளின் தோளில். தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையில் ராஜா ஏறியிருப்பதாகத் தெரிகிறது. உண்மையில் ராஜாவின் இடுப்பில் குதிரை தொங்குகிறது. மரக்கால் கட்டிய அவர் கால்களே குதிரைக்கும் கால்கள்.

ஆக, தமிழ்நாட்டில் குதிரை மனிதரைச் சுமந்ததைவிட மனிதர் குதிரையைச் சுமந்ததே மிகுதி. அதை ஒளிக்காமல் மேளதாளத்தோடு ஊரறியச் செய்துகாட்டியதே நம் பண்பாட்டின் நேர்மை.

ஆய்வு முடிவுகள்

1. குதிரை வாங்குவதற்குப் பணம் போதும். வைத்திருப்பதற்கு மட்டுமே மனவலிமை, தென்னந்தோப்பு, டார்ச் லைட் ஆகியன வேண்டும்.

2. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே உள்ள காலம், குதிரையின் விருப்பத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. உடையவரின் விருப்பம் இச்சமன்பாட்டில் இடம்பெறவில்லை.

3. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு மணி நேரம் மனிதர் மேலே, 23 மணி நேரம் குதிரை மேலே.

4. எனினும் இம்முடிவைக் குதிரை வைத்திருப்பவர்களிடம் சொன்னால் எவரும் மறுப்பதில்லை, வருந்துவதும் இல்லை. ‘அதுக்கென்ன’ என்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். 23 மணி நேரத்தைப் பற்றிக் கேட்டால் பொழுது விடியும். சவாரிக்காகக் குதிரை வைத்திருக்கிறார்கள் என்பது வெளியில் இருப்பவர்களின் எண்ணம். லத்திக்காக விடியவிடிய நடந்தவர் மறுநாள் சேணம் பூட்டவே இல்லை, கொட்டிலில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். இதற்கு உரிய கோட்பாடு எதுவும் துறையில் இல்லை.

மேலாய்வுக்குரிய களங்கள்

திருமண வரவேற்பு ஊர்வலத்தில் வெள்ளைக் குதிரை மேல் வரும் மணமகன், ஆயிரம்வாலா வெடிக்கும் கணத்தில் எதைப் பிடித்துக்கொள்கிறார் என்பது முனைவர் பட்டத்துக்குத் தகுந்த தலைப்பு.

பரிந்துரை

குதிரை வாங்க எண்ணுவோர் முதலில் ஒரு லாடக்காரரின் கைப்பேசி எண்ணை வாங்கட்டும். இரண்டாவதாகக் கால்நடை மருத்துவரின் எண்ணை. மூன்றாவதாக, இரவு இரண்டு மணிக்கு எழுப்பினாலும் திட்டாத அண்டைவீட்டார் ஒருவரை. இவ்வளவும் படித்த பிறகும் மனம் மாறாதவர்களுக்கு இவ்வேட்டால் பயனில்லை. அவர்களுக்கு ஆடி மாதம் ஈரோட்டிலிருந்து அந்தியூருக்குப் பேருந்து உண்டு. புதுக்கயிறு ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்க.